பேய்ப்படமா, உலகப்படமா? கடற்கரை ஊர் ஃபிலிம் கிளப்புக்கு ஓர் ஒப்பீடு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் பக்கத்தில் சேர்ந்து படம் பார்க்கக் குழு தொடங்க நினைப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். நாலு பேர் வெளிநாட்டுப் படம் வேண்டும் என்பார்கள். மற்றவர்கள், "பயமா இருக்கணும்ணே, இல்லாட்டி யாரு வருவா?" என்பார்கள். இரண்டு தரப்பும் பேசிப் பேசியே மாதம் போய்விடும்.

இந்தச் சண்டையே தேவையில்லை என்பது என் கருத்து. நல்ல பேய்ப்படங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் படங்கள்தான். உண்மையில் பிரித்துப் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. இந்தப் படத்தை ரசிக்க எவ்வளவு படிக்க வேண்டும்? இந்தப் படத்தின் பயம் நம்மோடு உட்கார்ந்திருக்கும் யாருடைய சொந்தத் துக்கத்தில் கை வைக்கிறது? வீட்டில் தனியாகப் பார்ப்பவர் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். ஊர்க் கூட்டத்தில் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஓர் அக்கா எழுந்துபோக முடியாது.

## எதை வைத்து அளப்பது

படிக்க வேண்டிய வரிகள். வெளிநாட்டுப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் சுலபமாகக் கிடைக்கும், தமிழில் கிடைப்பது அரிது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது என்றால் நாமே தமிழில் எழுத வேண்டும். அது முடியாத வேலை இல்லை. எஸ்ஆர்டி என்கிற சப்டைட்டில் கோப்பு வெறும் உரைக்கோப்புதான், நோட்பேடில் திறந்து நேரத்தை அப்படியே விட்டு வசனத்தை மட்டும் மாற்றலாம். ஆனால் பேச்சு நிறைந்த படம் என்றால் ஆயிரம் வரிகள் சாதாரணமாக வரும். அந்த உழைப்பு யார் தலையில் விழப்போகிறது என்பதைப் படம் தேர்ந்தெடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

இடம், காற்று, வெளிச்சம். மணலில் திரை கட்டிப் பார்ப்பது அழகு. ஆனால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் துணித்திரை பாய்மரம் மாதிரி உப்பிக் கயிற்றை அறுக்கப் பார்க்கும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்றுக்குப் பக்கத்தில்தான் நாம் திரை கட்டுகிறோம். வாடைக்காலத்தில் மழை. திறந்தவெளிக்கு ஏற்றது தை முதல் பங்குனி வரை. இன்னொன்று, தெருவிளக்கு இருக்கும் இடத்தில் இருட்டான படம் எடுபடாது. ப்ரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது, திரையில் ஏற்கெனவே விழும் வெளிச்சம்தான் அங்கே 'கறுப்பு'. பெரும்பாலான பேய்ப்படங்கள் இருட்டிலேயே நடப்பவை என்பதால் இந்த அடி முதலில் விழுவது அவற்றுக்குத்தான்.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் வருவார்களா? கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் உண்டா? மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருபவர்கள் உண்டா? இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

அனுமதி. ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்கானது, ஊருக்குப் போட்டுக் காட்டுவதற்கு இல்லை. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே பழைய படம் என்றால் இந்தக் கவலை குறையும். ஆனால் புதிதாகச் சேர்த்த இசைக்கும், புதிதாக எழுதிய சப்டைட்டிலுக்கும் தனி உரிமை இருக்கலாம். பள்ளி, கல்லூரிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் திரையிடலுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. கல்லூரி மன்றமாக நடத்துபவர்களுக்கு இது பெரிய வசதி. பொதுவெளி என்றால் தணிக்கைச் சான்றிதழும் பார்க்க வேண்டும்.

நீளத்தையும் மறக்க வேண்டாம். இஷா தொழுகை முடிந்து ஆட்கள் வந்து உட்கார எட்டரை ஆகிவிடும். அதிகாலையில் வலை இழுக்கப் போகிறவரை இரண்டரை மணி நேரம் உட்காரவைப்பது நியாயம் இல்லை.

## ஒரே பார்வையில்

| படம் | நாடு, ஆண்டு | நீளம் (நிமிடம்) | படிக்க வேண்டியது | பொருத்தமான இடம் |
|---|---|---|---|---|
| நோஸ்ஃபெராட்டு | ஜெர்மனி, 1922 | சுமார் 94 | மிகக் குறைவு | திறந்தவெளி |
| தி பேர்ட்ஸ் | அமெரிக்கா, 1963 | 119 | முதல் பாதியில் நிறைய | திறந்தவெளி, அரங்கு |
| ஜாஸ் | அமெரிக்கா, 1975 | 124 | நடுத்தரம் | திறந்தவெளி, அரங்கு |
| தி ஃபாக் | அமெரிக்கா, 1980 | 89 | நடுத்தரம் | இருட்டான அரங்கு |
| ரிங்கு | ஜப்பான், 1998 | 96 | நிறைய | இருட்டான அரங்கு |
| ட்ரெய்ன் டு பூசான் | தென்கொரியா, 2016 | 118 | நடுத்தரம் | அரங்கு |
| அண்டர் தி ஷேடோ | பாரசீக மொழி, 2016 | 84 | நிறைய | சிறிய அறை |
| எ கொயட் ப்ளேஸ் | அமெரிக்கா, 2018 | 90 | குறைவு | சத்தமே இல்லாத அறை |
| லா டெர்ரா ட்ரெமா | இத்தாலி, 1948 | சுமார் 160 | நிறைய | அரங்கு, இரண்டு இரவு |

ஒரே ஒரு படம் சொல்லுங்கள் என்று கேட்டால்: அரங்கு கிடைத்தால் ட்ரெய்ன் டு பூசான், மணலில் என்றால் நோஸ்ஃபெராட்டு.

## மௌனப் பேய்: நோஸ்ஃபெராட்டு

நூறு வருஷத்துக்கு முந்தைய மௌனப்படத்தை யார் பார்ப்பார்கள் என்று தயங்குவார்கள். ஆனால் முதல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். இதில் பேச்சே கிடையாது. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை ஒருவர் மைக்கில் தமிழில் சொன்னால் போதும். ஜப்பானில் மௌனப்படக் காலத்தில் 'பென்ஷி' என்கிற கதைசொல்லிகள் திரைக்குப் பக்கத்தில் நின்று மொத்தப் படத்தையும் குரலில் நடத்தினார்கள், அவர்களுக்காகவே கூட்டம் வந்தது. வில்லுப்பாட்டும் நாடகமும் கேட்டு வளர்ந்த ஊரில் அப்படி ஒருவர் கிடைக்காமல் போக மாட்டார். நாலு பேர் சேர்ந்து பறையோ தவிலோ வாசித்தால் புதிதாகச் சேர்த்த இசையின் உரிமைச் சிக்கலும் தீரும்.

ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல் எடுத்த படம் இது. அவருடைய மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. தப்பிய பிரதிகளிலிருந்துதான் இன்று பார்க்கிறோம். நம் கூட்டத்தைப் பிடிக்கப்போகும் பகுதி கப்பல். அடித்தளத்தில் சவப்பெட்டிகளும் எலிகளும். மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கடைசியில் ஆளில்லாத கப்பல் தானாகத் துறைமுகத்துக்குள் நுழைகிறது. படகை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறைமுகச் செலவு: இணையத்தில் ஒரு மணி நேரப் பிரதி முதல் ஒன்றரை மணி நேரப் பிரதி வரை கிடக்கிறது. பல மங்கலானவை, வேகம் தப்பானவை. சீரமைத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள். சின்னப் பிள்ளைகள் முதல் கால் மணி நேரம் நெளிவார்கள், கதைசொல்லி கெட்டிக்காரராக இருந்தால் அடங்கிவிடுவார்கள்.

## கடல் பயம்: ஜாஸ், தி பேர்ட்ஸ், தி ஃபாக்

கடற்கரை ஊர், ஆகவே கடல் படம். இந்தக் கணக்கை எல்லாரும் போடுகிறார்கள். மூன்று படத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

ஜாஸ் போடலாம், தைரியமாகப் போடலாம். சுறாவை வாங்கிப் புட்டு வைத்துச் சாப்பிடும் ஊரில் சுறா பயம் எடுபடுமா என்றால், எடுபடும், வேறு விதமாக. படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமலே பல காட்சிகளை எடுத்தார். தண்ணீர் மட்டத்தில் கேமராவும் ஜான் வில்லியம்ஸின் இசையும்தான் சுறா. படம் முடிந்ததும் பீப்பாயை இழுத்துக்கொண்டு சுறா ஓடுமா, அந்தப் படகு அப்படி மூழ்குமா என்று அனுபவசாலிகள் பேச ஆரம்பித்தால் அதைவிட நல்ல கலந்துரையாடல் வேண்டியதில்லை. ஆனால் இதையும் பேச வேண்டும்: இந்தப் படம் பார்த்துச் சுறாக்களை வெறுத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. மூலக்கதை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தில் அதற்கு வருந்திக் கடல் பாதுகாப்புக்காகப் பேசினார். மன்னார் வளைகுடாவின் கரையில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு அந்தச் செய்தி தேவை.

தி பேர்ட்ஸ் பொறுமை கேட்கும். முதல் பாதி முழுக்கப் பேச்சு, சப்டைட்டில் எழுதுபவருக்குச் சுமை. அதைத் தாண்டினால் கிடைப்பது அபூர்வம். வழக்கமான பின்னணி இசையே கிடையாது, பறவைகளின் ஓசையை மின்னணுக் கருவியில் உருவாக்கியிருக்கிறார்கள். கடற்காகம் தலைக்கு மேல் கத்தும் கரையில் இதைப் பார்ப்பது தனி அனுபவம். படத்துக்குப் பின்னே ஓர் உண்மைச் சம்பவமும் உண்டு. 1961-ல் கலிஃபோர்னியாவின் மான்ட்டரே வளைகுடாக் கரையில் கடற்பறவைகள் வெறிபிடித்தது போல வீடுகள் மீது வந்து மோதின. நச்சுப் பாசியை உண்ட மீன்கள் வழியாக விஷம் ஏறியதே காரணம் என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. பூங்கோரை என்கிற பாசி வந்து கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதை 2019-ல் பாம்பன் பக்கம் பார்த்தவர்களுக்கு இது கட்டுக்கதையாகத் தெரியாது. 60 ஆண்டுக் கணக்கும் இதற்கு முடிந்துவிட்டது.

தி ஃபாக் விஷயத்தில் யோசியுங்கள். ஜான் கார்ப்பென்ட்டர் எடுத்த அழகான, சின்னப் படம். நூறு வருஷத்துக்கு முன்னால் சூழ்ச்சியால் மூழ்கடிக்கப்பட்ட கப்பலின் ஆட்கள் பனிமூட்டத்தோடு கரைக்குத் திரும்புகிறார்கள். முதலில் சாவது மீன்பிடிப் படகில் இருக்கும் மூன்று பேர்.

நம் ஊர்களில் 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியும் அதை நோக்கிப் போன ரயிலும் அழிந்த கதையைத் தாத்தா பாட்டியிடம் நேரில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காமல் போனவர்களின் வீடுகள். காணாமல் போனவரை இறந்தவர் என்று சட்டம் ஏற்கவே பொதுவாக 7 ஆண்டுகள் ஆகும். அந்த 7 ஆண்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால், கதவைத் தட்டும் கடல் பிணத்தைப் பொழுதுபோக்காகக் காட்ட எனக்கு மனம் வராது. கல்லூரி அரங்கில், என்ன படம் என்று தெரிந்து வருபவர்களுக்குப் போடுங்கள். மணலில் ஊரைக் கூட்டிப் போட வேண்டாம்.

## ரயிலும் கிணறும்: ட்ரெய்ன் டு பூசான், ரிங்கு

முதல் திரையிடலுக்கு நான் கைகாட்டுவது ட்ரெய்ன் டு பூசான். வேலை வேலை என்று ஓடும் அப்பா, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கும் சின்ன மகள், சியோலிலிருந்து பூசானுக்கு ஒரு ரயில், உள்ளே பரவும் தொற்று. இவ்வளவுதான். வசனத்தில் கால்வாசியை விட்டுவிட்டாலும் கதை புரியும். ஒரு பெட்டியில் இருப்பவர்கள் தப்பி வந்தவர்களை உள்ளே விடாமல் கதவை அடைக்கும் இடத்தில் பயம் பேயை விட்டு மனிதர்கள் பக்கம் திரும்புகிறது. கொரோனாக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசாமல் எழுந்துபோக மாட்டார்கள். கடைசியில் அழவும் வைக்கும். பேய்ப்படம் கேட்டவர்களும் உலகப்படம் கேட்டவர்களும் ஒன்றாகத் திருப்தி அடைவது இதில்தான்.

குறைகள்: கடிப்பதும் ரத்தமும் தாராளம், பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். உரிமை காலாவதியாகாத புதிய படம் என்பதால் கல்லூரி விலக்கு இல்லாதவர்கள் விநியோகஸ்தரிடம் கேட்டாக வேண்டும். முழுச் செலவும் அதில்தான்.

ரிங்கு நேர் எதிர். மெதுவான விசாரணைக் கதை, பேச்சு அதிகம், கடைசிப் பத்து நிமிடத்துக்காக ஒன்றேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பார்த்தவர் ஏழு நாளில் சாகும் வீடியோ கேசட் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு முதலில் விளக்க வேண்டியிருக்கும். வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிணற்றுக் காட்சி லேசில் மறக்காது. ஆனால் வெளிச்சம் கசியும் இடத்தில் அது ஒன்றுமே இல்லாமல் போகும். பத்துப் பதினைந்து பேர், அடைத்த அறை, பழக்கப்பட்ட பார்வையாளர்கள் என்று குழு முதிர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

## அமைதியே கதையான படம்: எ கொயட் ப்ளேஸ்

சத்தம் கேட்டால் வந்து கொல்லும் ஜந்துகள், சைகை மொழியில் பேசும் குடும்பம். படிக்க வேண்டியது குறைவு என்பதால் பட்டியலில் மேலே வரும். ஆனால் ஜெனரேட்டர் ஓடும் இடத்தில், பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி பாடும் இடத்தில் போட்டால் படமே இல்லை. ஓர் ஆணியை மிதிப்பதுதான் இதில் சண்டைக்காட்சி. அடைத்த அறையும், போனை அணைத்துவைக்கும் கூட்டமும் இருந்தால் மட்டும். காது கேளாத மகளாக நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் நிஜ வாழ்விலும் காது கேளாதவர். காது கேளாத நண்பர்களை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைக்க இதைவிட நல்ல படம் என் நினைவில் இல்லை.

## போரும் ஜின்னும்: அண்டர் தி ஷேடோ

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் படம் என்றதும் "காக்கா (அண்ணா), இதுல ஜின்னு வருமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதில் வரும். 1988-ல் ஈராக் ஏவுகணைகள் விழும் டெஹ்ரான், மருத்துவம் படிக்க விடாமல் தடுக்கப்பட்ட ஒரு தாய், பொம்மையைத் தொலைத்த மகள், காற்றோடு வரும் ஜின். மேற்கத்தியப் பேய்ப்படத்தின் சிலுவையும் புனித நீரும் இல்லாமல், நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் பயத்துக்கு மிக நெருக்கமான படம். பெண்கள் மட்டும் பார்க்கும் ஒரு மாலை வைக்க முடிந்தால் அதற்கு என் முதல் தேர்வு இதுவே. பயந்து முக்காடில்லாமல் தெருவுக்கு ஓடும் தாய்க்கு என்ன நடக்கிறது என்ற காட்சி பேச்சைக் கிளப்பும். நடத்துபவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் மண்டபம் ஊரில் இதைப் போடும் முன் நூறு முறை யோசிப்பேன். ஷெல்லுக்குப் பயந்து பதுங்குகுழியில் பிள்ளையை அணைத்துக் கிடந்தவர்கள் முகாமில் இருக்கிறார்கள். சைரன் ஒலிக்க, எல்லாரும் நிலவறைக்கு ஓடும் காட்சி இந்தப் படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. கதையை முன்கூட்டியே சொல்லி, அவர்களே 'பார்க்கலாம்' என்றால் மட்டும்.

## பேயோட்டும் படங்கள்

கூட்டம் அதிகம் கேட்பது இந்த வகையைத்தான்: பெண்ணுக்குப் பேய் பிடிக்கும், கட்டிலோடு கட்டுவார்கள், ஒருவர் வந்து ஓட்டுவார். 1973-ல் வந்த தி எக்ஸார்சிஸ்ட் தொடங்கி இன்றுவரை வந்துகொண்டே இருக்கின்றன. கலை என்ற முறையில் சில மிகச் சிறந்தவை.

நம் கரையில் இவற்றைப் பொதுத் திரையிடலுக்கு வேண்டாம் என்பேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் இறந்தார்கள், 28 பேர். அந்த நெருப்புக்குப் பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. மனநோயைப் பேய் என்று எண்ணி மருத்துவரிடம் போகத் தாமதிக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கட்டிப்போட்ட பெண்ணைத் திரையில் பார்த்து நாம் கைதட்டும்போது, வீட்டில் அப்படி ஒருவரை வைத்திருக்கும் குடும்பமும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். மனநல மருத்துவர் ஒருவரை அழைத்து, படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் பேசவைக்க முடியும் என்றால் நிலைமை வேறு. அப்போது அதே படம் நல்ல காரியத்துக்கு உதவும்.

## பேயே இல்லாத வெளிநாட்டுப் படங்கள்

குழந்தைகளோடு குடும்பமாக வரும் மாலைக்கு ஈரானின் சில்ட்ரன் ஆஃப் ஹெவன் (1997, 89 நிமிடம்). ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுப் பள்ளிக்கு ஓடும் அண்ணன் தங்கை. விளக்கமே வேண்டாம். இத்தாலியின் பைசைக்கிள் தீவ்ஸ் (1948) அதே நீளம், 60 ஆண்டுக் கணக்கையும் தாண்டியது.

ஆனால் இந்தக் கடற்கரைக்கென்றே எடுத்தது போல இருப்பது விஸ்கான்டியின் லா டெர்ரா ட்ரெமா. சிசிலித் தீவின் ஆச்சி ட்ரெட்சா என்ற மீனவ ஊரில், அந்த ஊர் ஆட்களையே நடிக்கவைத்து, அவர்கள் வட்டார மொழியிலேயே எடுத்த படம். இத்தாலிக்காரர்களுக்கே புரியாத பேச்சு என்பதால் பின்னணிக் குரலில் விளக்கம் சேர்த்தார்கள். இரவெல்லாம் கடலில் கிடந்து பிடித்த மீனுக்குக் கரையில் வியாபாரி விலை வைக்கிறான். ந்தோனி என்ற இளைஞன், இனி இவர்களுக்கு விற்க மாட்டேன் என்று வீட்டை அடகு வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். நெத்திலியை உப்பிட்டுச் சேமிக்கிறார்கள். ஒருநாள் புயலில் படகு போகிறது. முன்பணம் வாங்கிய வியாபாரிக்கே மீனைக் கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கதையில் தெரியாதது எதுவும் இல்லை.

இங்கேயும் புயலும் இழப்பும் இருக்கின்றனவே, தி ஃபாக்கைத் தள்ளிவிட்டு இதை ஏன் சேர்க்கிறாய் என்று கேட்கலாம். அந்தப் படத்தில் கடலில் போனவர்கள் பயமுறுத்தும் பொருள். இந்தப் படத்தில் அவர்கள் குடும்பத்தோடு, கடனோடு, கோபத்தோடு இருக்கும் மனிதர்கள். துக்கத்தைக் காட்டுவது வேறு, துக்கப்பட்டவரைப் பயமுறுத்துவது வேறு.

சிரமங்கள் உண்மையானவை. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மெதுவான நடை, வசனமும் அதிகம். ஆகவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள தடைக்காலத்தில், விசைப்படகு ஆட்கள் கரையில் இருக்கும்போது, அடுத்தடுத்த இரண்டு இரவுகளாகப் பிரித்துப் போடுங்கள். அந்த மாதங்களில் காற்று ஏறத் தொடங்கிவிடும் என்பதால் மணல் வேண்டாம், ஏலக்கூடமோ சமுதாயக் கூடமோ போதும். படகை வாங்கும் இடத்தில் முதல் இரவை முடியுங்கள். தமிழ் வரிகளை இப்போதே எழுத ஆரம்பித்தால்தான் சித்திரைக்குள் முடியும். எழுதியதை ஒரு தடவை கரையில் இருக்கும் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள், வலைக்கும் படகுக்கும் காற்றுக்கும் சரியான சொல்லை அவர்கள் போட்டுத் தருவார்கள்.